லாரிக்கு 10 நிமிஷம் மிச்சமானா அதுக்கு என்ன மதிப்பு போடுறது?

சாலைக்கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். போக்குவரத்து பொறியியல்ல முதுகலை கடைசி வருஷம் படிக்கிறேன், ப்ராஜெக்ட்டுக்கு ஒரு பைபாஸ் ரோட்டோட செலவு பலன் கணக்கு எடுத்திருக்கேன். கனரக வண்டிங்க ஊருக்குள்ள நுழையாம வெளிய சுத்திப் போனா ஒரு நடைக்கு சராசரியா 10 நிமிஷம் மிச்சமாகும்னு மாடல் சொல்லுது. கார்ல பஸ்ல போறவங்களுக்கு நேர மதிப்பு போடுறது புரியுது, மனுஷனுக்கு சம்பளம் இருக்கு, சீக்கிரம் வீடு போய்ச் சேரணும்னு இருக்கும். ஆனா லாரில கிடக்குற சிமெண்ட் மூட்டைக்கு 10 நிமிஷம் முன்னாடி போனா என்ன பின்னாடி போனா என்ன?

கைடு சொல்றது, டிரைவர் சம்பளத்தையும் வண்டியோட மணிக்கணக்கு செலவையும் கூட்டி, நிமிஷத்துக்கு எவ்ளோன்னு வகுத்து, மிச்சமாகுற நிமிஷத்தாலயும் வண்டி எண்ணிக்கையாலயும் பெருக்கிடுங்கறார். பண்ணிப் பாத்தேன், மொத்த பலன்ல பாதிக்கு மேல இந்த ஒரு வரிலதான் நிக்குது, அதான் நெருடுது. 10 நிமிஷத்தை வச்சு ஒரு லாரிக்காரர் நிஜமா ஏதாவது சம்பாதிக்க முடியுமா, இல்ல இது பேப்பர்ல மட்டும் இருக்குற பணமா? சரக்குக்குன்னு தனியா நேர மதிப்பு சேக்கணுமா வேண்டாமா? இந்த ரோட்டை நம்பி ஒருத்தர் நிலம் கொடுக்கப் போறார், இன்னொருத்தர் வரிப்பணம் செலவாகப் போகுது, அதனால கணக்கு நேர்மையா இருக்கணும்னு நினைக்கிறேன். வண்டி ஓட்டுறவங்க, குடோன் பாக்குறவங்க, பொருளாதாரம் படிச்சவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க.

லோடுவண்டி:

தம்பி, 20 வருஷத்துக்கு மேல லாரி ஓட்டிட்டு இப்ப சொந்தமா ரெண்டு வண்டி வச்சிருக்கேன். நேரம் எங்க போகுதுன்னு கேட்டா ரோட்ட விட கேட்லதான் அதிகம் போகுது, இதை முதல்ல எழுதி வச்சுக்க.

போன மாசம் நடந்தது. ராத்திரி பூரா ஓட்டி விடியக்காலை நாலு மணிக்கு குடோன் வாசல்ல நின்னாச்சு. வாட்ச்மேன் ஜன்னல் வழியா ஒரு டோக்கன் நீட்டுனார், நம்பர் 17. கேட் திறக்கறது எட்டு மணிக்கு, லோடுமேன் ஆளுங்க சேர்றது ஒம்பதுக்கு மேல. என் முறை வந்தப்போ பில்லுல வண்டி நம்பர் ஒரு எழுத்து தப்பா இருக்குன்னு ஓரம் கட்டச் சொல்லிட்டாங்க, சரி பண்ணின பில்லு வர ரெண்டு மணி நேரம், தார்ப்பாய் அவுத்து காலி பண்ணி வெளிய வரும்போது மதியம் மூணரை. இப்ப நீ சொல்ற 10 நிமிஷத்தை இதுல எங்க வைப்ப? நான் 10 நிமிஷம் முன்னாடி போயிருந்தா எனக்கு டோக்கன் 16 கிடைச்சிருக்கும், 16 வச்சிருந்தவருக்கு 17 போயிருக்கும், ஆக மொத்தம் யாருக்கும் ஒண்ணும் மிச்சமில்ல.

அதுக்காக நேரத்துக்கு விலையே இல்லைன்னு சொல்லல. வண்டி நின்னாலும் டியூ நிக்காது. இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், டிரைவர் படி எல்லாம் நாள் கணக்குல ஓடிட்டே இருக்கும், டீசலும் டயரும் மட்டும்தான் கிலோமீட்டர் கணக்கு. அதனால மாசத்துக்கு ஒரு நடை கூட அடிக்க முடிஞ்சா அதுல வர்ற காசு பெரிய காசு, ஏன்னா டியூ ஏற்கனவே மத்த நடையில கட்டியாச்சு. இன்னொண்ணு, வெளிய சுத்திப் போனா கிலோமீட்டர் கூடும்ல, அந்த டீசலையும் கழிச்சியா? ஊருக்குள்ள நின்னு நின்னு போறதுல குடிக்கிற டீசலும் அதிகம்தான், ரெண்டையும் போட்டுப் பாரு.

நடைமீட்டர்:

அண்ணன் சொன்ன டோக்கன் விஷயம் ரொம்ப முக்கியம், க்யூவுல ஒருத்தர் முந்துறது சமுதாயத்துக்கு லாபம் இல்ல, இடம் மாறுது அவ்ளோதான். ஆனா அதை வச்சு 10 நிமிஷத்துக்கு மதிப்பு பூஜ்யம்னு போட்டுடாதீங்க ப்ரோ. சரக்கு திட்டம் மதிப்பிடற வேலைல இருக்கேன், இந்தக் கேள்வி வராத திட்டமே கிடையாது, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

ஒரு கற்பனை கணக்கு. 12 லாரி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாளைக்கு 12 மணி நேர ஷிஃப்ட். ஏத்தி, போய், இறக்கி, திரும்பி வர ஒரு நடைக்கு முதல் லாரிக்கு 4 மணி 10 நிமிஷம், ரெண்டாவதுக்கு 4.20, அடுத்ததுக்கு 4.30, இப்படியே பத்துப் பத்து நிமிஷமா கூடி 12வது லாரிக்கு 6 மணி நேரம் ஆகுது. இப்ப எல்லாருமே நாளைக்கு ரெண்டு நடைதான் அடிக்க முடியும், முதல் லாரி கூட மூணாவது நடைக்கு போனா 12 மணி 30 நிமிஷம் ஆயிடும். ரோடு வந்து எல்லாருக்கும் நடைக்கு 10 நிமிஷம் குறையுது. 11 லாரிக்கு ஒரு மாற்றமும் இல்ல, அதே ரெண்டு நடைதான், மிச்ச நேரத்துல வண்டி சும்மா நிக்கும். ஆனா முதல் லாரிக்கு நடை சரியா 4 மணி நேரமாயிடுச்சு, மூணு நடை அடிச்சிடும். அவருக்கு கிடைச்சது ஒரு முழு நடை, அதாவது 240 நிமிஷம்.

இப்ப உங்க கைடு சொன்ன மாதிரி பெருக்கிப் பாருங்க. 12 லாரி, ரெண்டு நடை, நடைக்கு 10 நிமிஷம், 240 நிமிஷம். அதே எண்! 11 பேரைப் போய்க் கேட்டா ஒண்ணும் கிடைக்கலைன்னு சொல்வாங்க, அவங்க சொல்றதும் உண்மை, பெருக்கல் கணக்கும் உண்மை. பலன் எல்லாருக்கும் சமமா பிரியாம ஒருத்தர்கிட்ட மொத்தமா போய் விழுது. எனக்கு இது முதல்ல விளங்கினப்போதான் இந்த வேலை மேலயே ஒரு பிடிப்பு வந்துச்சு.

ஆனா இது சரியா வர்றதுக்கு நடை நேரங்கள் இப்படி சீரா பரவி இருக்கணும். ஒரே ஃபேக்டரிக்கு ஒரே குவாரில இருந்து ஓடுற 12 லாரின்னா எல்லாருக்கும் நடை நேரம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், அப்ப 5 மணி நேரம் 4.50 ஆனா யாருக்கும் எதுவும் இல்ல, 4.10 வந்து 4 ஆனா 12 பேருக்கும் ஒரே நாள்ல மூணாவது நடை. அதனால உங்க ரோட்ல ஓடுறது பல ஊருக்குப் போற பலதரப்பட்ட வண்டியா, இல்ல ஒரு குவாரி வண்டியான்னு பாருங்க. பலதரப்பட்டதுன்னா கைடு சொல்றதை தைரியமா போடலாம், ஒரே வகைன்னா நிஜ நடை நேரத்தை எடுத்துத்தான் சொல்ல முடியும்.

சட்டமும் இதே மாதிரி படிக்கட்டு வைக்கும். ஐரோப்பிய யூனியன்ல 4 மணி 30 நிமிஷம் ஓட்டினா 45 நிமிஷம் கட்டாய ஓய்வு. 4.40 ஆகுற பயணம் 4.30 ஆச்சுன்னா வழியில அந்த ஓய்வே தேவைப்படாது, ஊர் போய்ச் சேர்றதுல 10 இல்ல, 55 நிமிஷம் மிச்சம். அதே சமயம் 5.10 வந்து 5 ஆனா வெறும் 10 தான். அமெரிக்கால 14 மணி நேரத்துக்குள்ள 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அங்கயும் கடைசி அரை மணி நேரத்துல ஊர் போய்ச் சேர்றோமா இல்ல வழியிலேயே 10 மணி நேரம் கட்டாய ஓய்வுல நிக்கிறோமாங்கறதுதான் விஷயம்.

அப்புறம் ரோடு திறந்த மறுநாளே எதுவும் மாறிடாது. டைம்டேபிள் மாத்தணும், நடைக்கு பேசின வாடகை மாறணும், பெரிய கம்பெனின்னா 50 வண்டி வேலையை 48 வண்டிலயே முடிச்சிட்டு அடுத்த தடவை ரெண்டு வண்டி வாங்காம விடணும். இதுக்கெல்லாம் சில வருஷம் ஆகும். ரோடு 20, 30 வருஷம் இருக்கப் போறது, அதனால நீண்ட கால மதிப்பைப் போடறது நியாயம்தான், முதல் ரெண்டு மூணு வருஷத்துக்கு மட்டும் குறைச்சுப் போட்டா இன்னும் நல்லது.

கையிருப்பு:

நான் உதிரிபாகம் ஸ்டாக் பாக்குற ஆள், சரக்கு பக்கத்துல இருந்து சொல்றேன்.

சரக்குக்கு நேர மதிப்புன்னா எல்லாரும் உடனே வட்டி கணக்குக்குப் போவாங்க. 50 லட்சம் மதிப்புள்ள லோடு, வருஷ வட்டி 12 சதவீதம்னு வைங்க. வருஷத்துக்கு 6 லட்சம், அதை 8,760 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 68 சொச்சம், உங்க 10 நிமிஷத்துக்கு 11. இதைப் பாத்துட்டு சரக்குக்கு நேர மதிப்பே இல்லைன்னு மூடி வச்சிடுவாங்க, அங்கதான் தப்பு நடக்குது. வட்டிங்கறது சரக்கு நேர மதிப்புல சின்ன துண்டு. எங்களுக்கு வலிக்கிறது வட்டி இல்ல, பொருள் எப்ப வரும்னு தெரியாம இருக்கறதுதான்.

ஒரு பொருள் நாளைக்கு 100 செலவாகுது. ஒரு சப்ளையர்கிட்ட இருந்து சரியா 3 நாள்ல வந்துடும், ஒரு நாளும் தவறாது. இன்னொருத்தர்கிட்ட இருந்து சராசரி 2 நாள், ஆனா சில தடவை 5 நாள் ஆயிடும். முதல் ஆள்கிட்ட கையிருப்பு 300க்கு இறங்கும்போது ஆர்டர் போட்டா போதும். ரெண்டாவது ஆள்கிட்ட 500 இருக்கும்போதே போடணும், இல்லைன்னா அந்த 5 நாள் வர்ற தடவை ஃபேக்டரி லைன் நின்னுடும். சராசரில வேகமா இருக்கறவர்தான் என் குடோனை அடைச்சு வைக்கிறார்! ஒரு போல்ட் வரலைன்னு லைன் நின்னப்போ பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், ஆளுங்க கையைக் கட்டிட்டு நிக்க, எல்லாரும் வாசலையே பாத்துட்டு இருந்தாங்க, லேட்டா வந்த அந்தப் பெட்டி ஒரு கைல தூக்குற அளவுதான் இருந்துச்சு.

அதனால உங்க மாடல் சொல்ற 10 நிமிஷம் சராசரியா இல்ல எல்லா நாளும் அப்படித்தானான்னு தயவுசெஞ்சு பாருங்க. ஊருக்குள்ள போற ரோடு ஒரு நாள் 5 நிமிஷம் தாமதப்படுத்தும், ஊர்வலம் வந்தா 50 நிமிஷம். பைபாஸ் வந்தா அந்த 50 நிமிஷ நாள் காணாம போகும். எங்களுக்கு அதுதான் பெரிய வரவு, அது உங்க சராசரில தெரியவே தெரியாது. பயண நேரத்தோட நியமவிலக்கத்தை, அதாவது சராசரில இருந்து எவ்ளோ விலகி விலகிப் போகுதுங்கற அளவை எடுத்து அதுக்குத் தனியா ஒரு மதிப்பு போடுறாங்க, நம்பகத்தன்மை மதிப்புன்னு பேரு. நேர மிச்சத்துலயே அதையும் மறைச்சு சேத்துடாதீங்க, தனி வரியா காட்டுங்க.

கப்பல்பக்கம்:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும், ரோடு பத்தி எனக்கு அதிகம் தெரியாது, கடல் சரக்குல இருக்கேன். நேரம்னா எப்பவும் வேகமா போறதுதான் லாபம்னு நினைக்க வேண்டாம், எங்க துறைல வேணும்னே மெதுவா போறாங்க. 2008 வாக்குல எரிபொருள் விலை எகிறினதுல இருந்து கன்டெய்னர் கப்பல்கள் வேகத்தைக் குறைச்சு ஓட்டறது பரவலாச்சு. இஞ்சின் சக்தி சுமாரா வேகத்தோட மும்மடிக்கு ஏறும், அதனால வேகத்தை 10 சதவீதம் குறைச்சா மணிக்கு எரியற எண்ணெய் 27 சதவீதம் குறையும், பயணம் 11 சதவீதம் நீளும், ரெண்டையும் சேத்தா அதே தூரத்துக்கு எண்ணெய் 19 சதவீதம் மிச்சம். சரக்குக்காரங்க ஒத்துக்கிட்டாங்க, ஏன்னா 30 நாள் 33 நாளானாலும் தேதி முன்னாடியே தெரியும். ஆனா 2021 மார்ச் 23ல எவர் கிவன்ங்கற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாய்ல குறுக்க சிக்கி 29 வரைக்கும் கால்வாய் அடைச்சிருந்துச்சே, அந்த ஆறு நாள் யாராலயும் தாங்க முடியல, மெதுவா போறதுல கூடுற மூணு நாளை ஒத்துக்கிட்டவங்கதான், ஆனா இது யாரும் எதிர்பாக்காத ஆறு நாள். கையிருப்பு சார் சொன்னதுதான்.

சாலைக்கணக்கு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, 12 லாரி கணக்கை நானே நோட்டுல போட்டுப் பாத்தேன், 240 வந்துச்சு. லோடுவண்டி அண்ணா, கிலோமீட்டர் கூடுறதை நான் கழிக்கவே இல்ல, இப்ப சேத்துட்டேன், பலன் கொஞ்சம் இறங்கிடுச்சு ஆனா அதுதான் நிஜம்.

இன்னும் ரெண்டு விஷயம் தெளிவாகல. டிரைவருக்கு மணிக்கணக்கு சம்பளம் இல்லாம நடைக்கு இவ்ளோன்னு கொடுத்தா நேரம் மிச்சமானதுல முதலாளிக்கு என்ன லாபம், அப்ப டிரைவர் சம்பளத்தை கணக்குல சேக்கலாமா? அப்புறம் நான் நேர்ல போய் கேள்வித்தாள் வச்சு கேக்கப் போறேன், வண்டிக்காரர்கிட்ட கேக்கணுமா சரக்கு அனுப்புறவர்கிட்ட கேக்கணுமா, ரெண்டு பேர்கிட்டயும் கேட்டு கூட்டினா ஒரே பலனை ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடாதா?

நடைமீட்டர்:

முதல் கேள்விக்கு, சேக்கலாம். நடைக்கு கூலின்னா மிச்சமான நேரம் முதல்ல டிரைவர் கைக்குப் போகுது, ஓய்வாவோ இன்னொரு நடையாவோ. நாளாக ஆக நடைக்கூலியே மறுபடி பேசப்பட்டு கொஞ்சம் முதலாளிக்கும், போட்டி இருந்தா வாடகை குறைஞ்சு சரக்குக்காரருக்கும், கடைசில பொருள் வாங்குறவருக்கும் போகும். யார் கைக்குப் போனாலும் பலன் பலன்தான். ஆனா கவனம், நேர மிச்சத்தையும் எண்ணி, வாடகை குறைஞ்சதையும் எண்ணி, பொருள் விலை இறங்கினதையும் எண்ணினா ஒரே காசை மூணு பாக்கெட்ல பாத்து மூணு தடவை எண்ணின மாதிரி. ஒரு இடத்துல மட்டும் எண்ணுங்க, நேர மிச்சத்துல எண்ணுறதுதான் சுலபம்.

ரெண்டாவதுக்கு, ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க, ஆனா வேற வேற கேள்வி. வாடகை வண்டிக்காரருக்கு வண்டியும் ஆளும் எவ்ளோ செலவுன்னு தெரியும், உள்ள இருக்குற சரக்கு லேட்டானா என்ன நஷ்டம்னு தெரியாது, தெரிஞ்சாலும் அது அவர் காசு இல்ல. சரக்கு அனுப்புறவருக்கு நேர்மாறு. நெதர்லாந்துல சரக்கு நேர மதிப்பு ஆய்வு பண்ணினப்போ இப்படித்தான் பிரிச்சாங்க, போக்குவரத்து செலவு பாகம் வண்டிக்காரங்க பதில்ல இருந்து, சரக்கு பாகம் வண்டியை வாடகைக்கு எடுக்கற கம்பெனிகள் பதில்ல இருந்து, சொந்த வண்டில சொந்த சரக்கு ஏத்துறவங்ககிட்ட இருந்து ரெண்டும். அப்படிப் பிரிச்சுக் கேட்டா கூட்டலாம், ரெண்டு தடவை எண்ணுறது நடக்காது.

சரக்கு பாகம் வட்டியை விட எவ்ளோ பெருசா இருக்கலாம்னு ஒரு அளவு சொல்றேன். டேவிட் ஹம்மல்ஸ், ஜார்ஜ் ஷவுர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்க இறக்குமதில எது விமானத்துல வருது எது கப்பல்ல வருதுன்னு பாத்து, வழில ஆகுற ஒவ்வொரு நாளும் பொருள் மதிப்புல 0.6 முதல் 2.1 சதவீதம் வரி போட்டதுக்கு சமம்னு 2013ல எழுதினாங்க. வருஷத்துக்கு 12 சதவீத வட்டின்னா நாளைக்கு 0.033 சதவீதம்தான். ஹம்மல்ஸ் கணக்குல கீழ் எல்லையே அதைப் போல 18 மடங்கு! அதிலயும் உதிரிபாகம்தான் நேரத்துக்கு அதிகம் துடிக்கிற சரக்குன்னு கண்டுபிடிச்சாங்க, கையிருப்பு சார் சொன்ன போல்ட் கதை மாதிரியே. ஆனா இந்த எண்ணைத் தூக்கி உங்க சிமெண்ட் மூட்டை மேல வச்சு 144ஆல வகுத்து 10 நிமிஷத்துக்குப் போட்டுடாதீங்க, அது நாள் கணக்குல, கண்டம் தாண்டி வர்ற சரக்குக்கு வந்த எண். சிமெண்ட், மணல், நிலக்கரிக்கு சரக்கு பாகத்தை பூஜ்யம்னு வச்சே ஒரு தடவை போட்டுப் பாருங்க, ரோடு அப்பவும் தாங்குதுன்னா உங்க மனசு நெருடாது.

லோடுவண்டி:

தம்பி, கேள்வித்தாள் எடுத்துட்டு போறப்போ ஓடிட்டு இருக்குற வண்டியை மறிச்சுக் கேக்காத, யாரும் சரியா சொல்ல மாட்டாங்க, அவசரத்துல வாய்க்கு வந்ததை சொல்லிட்டுப் போவாங்க. குடோன் வாசல்ல டோக்கன் வாங்கிட்டு காத்துட்டு இருக்கறவங்ககிட்ட போ, நிழல்ல உக்காந்து பேசுவாங்க, அவங்களுக்கு நேரமும் இருக்கும் சொல்றதுக்கு ஆத்திரமும் இருக்கும். எத்தனை மணிக்கு கிளம்புன, வழக்கமா எத்தனை மணிக்கு கிளம்புவன்னு ரெண்டும் கேளு. ஊருக்குள்ள சிக்கிடுவோம்னு பயந்து ஒரு மணி நேரம் முன்னாடியே எடுக்கறவங்க நிறைய பேர், அந்த ஒரு மணி நேரம் உன் மாடல்ல எங்கயும் வராது, ஏன்னா அது ரோட்ல போகல, தூக்கத்துல போச்சு.

சாலைக்கணக்கு:

அண்ணா இது எனக்குத் தோணவே இல்ல, முன்கூட்டியே கிளம்புற நேரம். கேள்வித்தாள்ல இப்ப நாலு கட்டம் புதுசா போட்டிருக்கேன், கிளம்பின நேரம், கேட்டுக்கு வந்த நேரம், உள்ள விட்ட நேரம், காலியான நேரம். சரக்கு வகைக்கும் ஒரு கட்டம். திங்கக்கிழமை விடியக்காலை மூணரைக்கு நானும் நண்பனும் ஒரு குடோன் வாசலுக்குப் போறோம், கேட் திறக்கற வரைக்கும் அங்கயே இருப்போம், எண் கைல வந்ததும் இதே இடத்துல போடுறேன்.